முட்டிக்குக் கை வைத்தியமா, பயிற்சியா, ரோலரா, நீ கேப்பா?

"அம்மாவுக்கு இரண்டு முட்டியும் வலி. வீட்டுக்கு வந்து எண்ணெய் போட்டு நீவுகிறவரை வைக்கலாமா, இல்லை வாரம் மூன்று நாள் பிசியோவுக்கு அழைத்துப் போகலாமா?" நெல்லிக்குப்பத்திலிருந்து ஒருவர் கேட்கிறார். "படி இறங்கும்போது முட்டி எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் மடங்கிவிடுகிறது. நீ கேப் என்கிற இறுக்கமான முட்டி உறையைப் போட்டால் போதுமா?" இது முத்தியால்பேட்டை. "மசாஜ் கன் ஆஃபரில் வருகிறது, வாங்கட்டுமா?" இதைக் கேட்காத ஊர் இல்லை.

மூன்று பேருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. மூன்று முட்டிக்கும் குறை வேறு வேறு. ஒன்றுக்கு வலி, ஒன்றுக்கு நிதானம் போதவில்லை, ஒன்றுக்கு வெறும் இறுக்கம். கடலூரில் இயன்முறை மருத்துவம் (பிசியோ) பார்க்கிறவன் என்பதால் எனக்குக் கை வைத்தியத்தின் பக்கம், அதாவது மூட்டையும் தசையையும் கையால் அசைத்தும் அழுத்தியும் செய்யும் சிகிச்சையின் பக்கம், ஒரு சாய்வு இருக்கலாம். அதையும் கணக்கில் வைத்தே படியுங்கள். என் கட்சி இதுதான்: கை வைத்தால் முட்டி இலேசாகும், அந்த இலேசு கொஞ்ச நேரத்துக்குத்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் முட்டியை வைத்து என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் கொடுத்த காசு தேறுமா, தேறாதா என்பது.

## எந்த முட்டியைப் பற்றிப் பேசுகிறோம்

தேய்மானம் என்று டாக்டர் சொல்லி அனுப்பிய முட்டி, எப்போதோ வண்டியிலிருந்து விழுந்து ஜவ்வு அடிபட்டு ஆறிய முட்டி, உட்கார்ந்தே வேலை பார்த்து இறுகிப்போன முட்டி. இவை மட்டும்தான் இந்தக் கட்டுரையில்.

நேற்று விழுந்த முட்டிக்கு இங்கே பதில் தேடாதீர்கள். அடிபட்ட பிறகு நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை, 90 டிகிரிக்கு மடக்க முடியவில்லை, முட்டிச் சில்லைத் தொட்டாலே உயிர் போகிறது, வயது 55 அல்லது அதற்கு மேல்: இதில் ஒன்று இருந்தாலும் முதலில் எக்ஸ்ரே. முட்டி சிவந்து, சுட்டு, கூடவே காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனை. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் யாரையும் நீவ விடாதீர்கள். உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம், அது இடம் பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. மடக்கிய முட்டி பூட்டிக்கொண்டு நீட்டவே வரவில்லை என்றாலும் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட்டு அப்புறம் மற்றது.

## எதை வைத்து எடை போடுவது

எந்த வைத்தியம் நல்லது என்று கேட்பதற்கு முன்னால், நல்லது என்றால் எதில் நல்லது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். நான் பார்ப்பது ஐந்து: வலி, நிலையுணர்வு, திசுவின் தன்மை, பலன் நிற்கும் காலம், செலவு. செலவில் வெளியே தெரிவதும் உண்டு, தெரியாததும் உண்டு.

வலி எல்லாருக்கும் தெரிந்தது. அதற்கு அடுத்த இரண்டைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

### நிலையுணர்வு

கண்ணை மூடிக்கொண்டாலும் உங்கள் முட்டி எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இருட்டில் படி இறங்குவது அந்த உணர்வை நம்பித்தான். இந்தச் செய்தியை மூளைக்கு அனுப்புவதில் பெரும்பங்கு முன்தொடை, பின்தொடைத் தசைகளுக்குள் கதிர் வடிவில் இருக்கும் நுண்ணுறுப்புகளுக்கு. தசை நீள்வதையும் நீளும் வேகத்தையும் அவை அறிகின்றன. மூட்டு உறையிலும் ஜவ்வுகளிலும் உள்ள நரம்பு முனைகளுக்கும், முட்டியைச் சுற்றியுள்ள தோலுக்கும்கூட இதில் பங்கு உண்டு. முட்டி மடங்கும்போது மேல் தோல் இழுபடுகிறதே, அதுவும் மூளைக்கு ஒரு சேதிதான்.

தசைதான் பெரும்பங்கு என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று 1972-இல் வந்தது. குட்வின், மெக்லாஸ்கி, மாத்யூஸ் என்ற மூவர், கையின் தசைநாண் மேல் வேகமாக அதிரும் கருவியை வைத்தால் அசையாத கை அசைவதாகத் தோன்றுகிறது என்று காட்டினார்கள். தசை அனுப்பும் செய்தியைக் குழப்பிவிட்டால் மூட்டு இருக்கும் இடமே மாறித் தெரிகிறது.

தேய்மானம் உள்ள முட்டியில் இந்த உணர்வு மங்குகிறது. ஜவ்வு அடிபட்ட முட்டியிலும் அப்படியே. களைப்பு வந்தால் நல்ல முட்டியிலும் மங்கும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: மூட்டுக்குள் நீர் கோத்தால் முன்தொடைத் தசையை நரம்பு மண்டலமே அடக்கி வைக்கிறது. நல்ல முட்டிக்குள் 20, 30 மில்லி உப்புநீரை ஊசியில் ஏற்றிப் பார்த்தபோதே முன்தொடையின் உள்பக்கத் தசை மந்தமானது. "முட்டி திடீர்னு விட்டுடுது சார்" என்று சொல்கிறவர்களில் பலருக்கு எலும்பை விட இந்தத் தசை மந்தம்தான் காரணம்.

வீட்டிலேயே சோதிக்கலாம். உயரமான கட்டிலில் கால் தொங்க உட்காருங்கள். சாய்வு காட்டும் செயலி உள்ள போனை முழங்காலுக்குக் கீழே துணியால் கட்டுங்கள். கண்ணை மூடி, காலைப் பாதியளவு நீட்டி, ஐந்து விநாடி நிறுத்தி, கோணத்தை வீட்டில் ஒருவர் குறித்துக்கொள்ளட்டும். காலை இறக்கிவிட்டு மறுபடி அதே இடத்துக்குக் கண்ணை மூடியபடியே கொண்டு போங்கள். எத்தனை டிகிரி தப்பியது? இரண்டு காலிலும் மூன்று மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள். இரண்டு மூன்று டிகிரி முன்பின் வருவது பெரிய விஷயமில்லை. ஒரு முட்டி மட்டும் தொடர்ந்து அதிகமாகத் தப்பினால் அதைக் கவனிக்க வேண்டும்.

### திசுவின் தன்மை

"நரம்பு முறுக்கிக்கிட்டு இருக்கு, நீவி எடுத்துட்டேன்", "தசை ஒட்டிக்கிட்டிருந்தது, பிரிச்சுவிட்டேன்" என்று கை வைப்பவர்கள் சொல்வது வழக்கம். என் தொழிலில் இருப்பவர்களும் இதைச் சொல்கிறார்கள். இதில் எவ்வளவு உண்மை?

தசையின் இறுக்கத்தைத் தோலுக்கு வெளியிலிருந்தே சின்னதாகத் தட்டி அளக்கும் கையடக்கக் கருவிகள் இருக்கின்றன. நீவிய உடனே அளந்தால் இறுக்கம் குறைந்திருக்கலாம். ஆனால் அது நிற்பதில்லை. தசைக்கு ஒரு குணம்: ஆறி இறுகிய கூழைக் கலக்கினால் இளகும், அப்படியே வைத்தால் மறுபடி இறுகும், தசையும் அப்படித்தான், அசைத்தால் இளகும், சும்மா கிடந்தால் இறுகும். காலையில் எழுந்ததும் முட்டி பிடித்துக்கொள்வதிலும் நாலு அடி நடந்ததும் விடுவதிலும் இதற்கு ஒரு பங்கு உண்டு.

தொடையின் வெளிப்பக்கம் ஓடும் கெட்டியான தசையுறையைக் கையால் நீட்டிவிடலாம் என்பது இன்னொரு நம்பிக்கை. 2008-இல் வந்த ஒரு கணித மாதிரி, அந்த உறையை 1 சதவீதம் அமுக்கவே ஏறத்தாழ 9,000 நியூட்டன் விசை, அதாவது 900 கிலோ எடைக்கு நிகரான அழுத்தம் வேண்டும் என்று காட்டியது. எந்தக் கட்டைவிரலும் அதைத் தராது. அப்படியானால் நீவிய பிறகு முட்டி கூடுதலாக மடங்குகிறதே, எப்படி? பெரும்பாலும் திசு நீளவில்லை. இழுபடுவதை நரம்பு மண்டலம் பொறுத்துக்கொள்ளும் எல்லை தள்ளிப்போயிருக்கிறது. பலன் பொய்யில்லை. சொல்லப்படும் காரணம்தான் வேறு.

இந்த வித்தியாசம் உங்கள் பணத்தோடு சம்பந்தப்பட்டது. திசு மாறிவிட்டது என்றால் ஒரு தடவை காசு கொடுத்தால் போதும். பொறுக்கும் எல்லைதான் மாறியது என்றால் அது திரும்பி வரும், நீங்களும் திரும்பப் போவீர்கள்.

## பிசியோவின் கை

முட்டிச் சில்லை நாலு பக்கமும் மெல்ல நகர்த்துவது, கீழ்க்கால் எலும்பை முன்னும் பின்னும் தாளமாக அசைப்பது, தொடைத் தசையை அழுத்தி விடுவது. இவைதான் பிசியோ கையால் செய்வது.

வலிக்கு இது உடனே கேட்கிறது. சில நிமிடம் மூட்டை அசைத்தாலே வலி தாங்கும் அளவு கூடுகிறது. நிலையுணர்வைப் பொறுத்தவரை ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. சிலவற்றில் கை வைத்த உடனே கோணப் பிழை சற்றுக் குறைகிறது, சிலவற்றில் மாற்றமே இல்லை. வலி குறைந்தால் தசை மீதிருந்த அடக்குமுறையும் தளர்வதால் சிலருக்கு முட்டி தெளிவாவது நியாயமாகவே படுகிறது. ஆனால் கை மட்டுமே வைத்து நிலையுணர்வு நிரந்தரமாகத் திரும்பிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தில் மிக உபயோகமான ஆய்வு 2005-இல் அமெரிக்காவில் டெய்ல் குழுவினர் செய்தது. முட்டித் தேய்மானம் உள்ளவர்கள் இரண்டு பிரிவு. ஒரு பிரிவுக்குச் சிகிச்சை நிலையத்தில் கை வைத்தியமும் கண்காணிப்பில் பயிற்சியும், கூடவே வீட்டுப் பயிற்சியும். இன்னொரு பிரிவுக்கு வீட்டுப் பயிற்சி மட்டும். நாலு வாரத்தில் முதல் பிரிவின் வலி, இறுக்கம், நடமாட்டம் சேர்ந்த மதிப்பெண் 52 சதவீதம் தேறியது, இரண்டாவது பிரிவில் 26 சதவீதம். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவும் ஏறக்குறையச் சமம். கை வைத்தியம் உங்களைச் சீக்கிரம் அங்கே கொண்டு போய்ச் சேர்க்கிறது. பயிற்சியை விடாமல் செய்கிறவர் மெதுவாகவாவது அங்கேயே வந்து சேர்கிறார்.

அதே குழு 2020-இல் ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டது. 156 பேர். ஒரு வருஷ முடிவில் இயன்முறை சிகிச்சை பெற்றவர்களின் நிலை ஊசி போட்டவர்களைவிட நன்றாக இருந்தது. அங்கேயும் கை வைத்தியத்தோடு பயிற்சி சேர்ந்தே இருந்தது.

வழிகாட்டுதல்கள் இதில் முழுக்க ஒத்துப்போகவில்லை. பிரிட்டனின் 2022 வழிகாட்டுதல் பயிற்சியோடு சேர்த்தால் கை வைத்தியத்தைப் பரிசீலிக்கலாம், தனியாகக் கொடுக்கப் போதிய சான்று இல்லை என்கிறது. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் அமைப்பின் 2019 வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி போய், பயிற்சிக்கு மேல் கை வைத்தியம் பெரிதாக எதையும் கூட்டவில்லை என்று அதைத் தவிர்க்கச் சொல்கிறது, அழுத்திச் சொல்லாமல். நான் பிரிட்டன் பக்கம் நிற்கிறேன். வலியால் காலையே ஊன்றாதவரிடம் "பயிற்சி செய்யுங்கள்" என்று தாளைக் கொடுத்து அனுப்பினால் அந்தத் தாள் பீரோவுக்குள் போகும்.

வெளியே தெரியாத செலவு: நம் பக்கம் தனியார் அமர்வுக்குச் சில நூறு ரூபாய்தான். அதோடு ஆட்டோ, துணைக்கு வரும் மகளின் அரைநாள் லீவு, பஸ் படி ஏறி இறங்கும்போது முட்டி படுகிற பாடு எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் காசு கிடையாது, நேரம்தான் கட்டணம். இதற்கு மேல் பழக்கம் என்று ஒரு செலவு உண்டு. இரண்டு வாரம் கழித்து இனி கை வேண்டாம், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள் என்று சொன்னதற்கு ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "ஏன் தம்பி, கையே வைக்காம அனுப்புறியே, இதுக்கா நான் பஸ் ஏறி வந்தேன்?" அவர் கோபம் நியாயம்தான். கை வைப்பதுதான் சிகிச்சை என்று முதல் நாளிலிருந்து நாங்களே பழக்கியிருக்கிறோம்.

## எண்ணெய் போட்டு நீவுவது

இதில் மூன்று விதமானவர்கள் இருக்கிறார்கள், மூவரையும் ஒன்றாக்கக் கூடாது. சித்த மருத்துவர் செய்யும் தொக்கணம், சித்தத்தின் 32 புற மருத்துவ முறைகளில் ஒன்று. படித்த மருத்துவர் பார்த்துச் சொல்லிச் செய்வது. புதுச்சேரி, ஆரோவில் பக்கம் ஓய்வுக்காக வருகிறவர்களுக்கான மசாஜ் நிலையங்கள் இரண்டாவது. ஊரில் சுளுக்கு எடுப்பவர், வீட்டுக்கு வந்து நீவி விடுபவர் மூன்றாவது.

மேலை முறை எண்ணெய் மசாஜுக்கு முட்டித் தேய்மானத்தில் ஓரளவு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. 2012-இல் வந்த ஒன்று எவ்வளவு நேரம், வாரம் எத்தனை தடவை என்று பல அளவுகளை ஒப்பிட்டு, வாரம் ஒரு தடவை 60 நிமிடம் நடைமுறைக்குச் சரியான அளவு என்று சொன்னது. 2019-இல் 222 பேரிடம் செய்ததில், எட்டு வாரத்தில் மசாஜ் பெற்றவர்கள் இலேசாகத் தொட்டு மட்டும் விட்டவர்களைவிடவும், வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களைவிடவும் தேறினார்கள். வருஷக் கடைசியில் அந்த முன்னிலை தங்கவில்லை.

ஆக, வலிக்குக் கேட்கும். தூக்கம் வரும், மனசு இளகும். இரவில் வலியோடு புரளும் ஒருவருக்கு அது சின்ன விஷயமில்லை. நிலையுணர்வுக்கு இதை நம்ப வேண்டாம், ஏனென்றால் நீங்கள் படுத்திருக்கிறீர்கள். எடை தாங்கி, சமநிலை தேடி, தப்பிப் பிடிக்கிற வேலை எதுவும் தசைக்கு நடக்கவில்லை.

மறைந்த செலவில் முதலாவது பணமே இல்லை. எண்ணெய்க் காலோடு டைல்ஸ் போட்ட குளியலறைக்குள் போவதுதான். நிதானம் குறைந்த முட்டி, வழுக்கும் தரை, அறுபது வயதுக்கு மேற்பட்ட எலும்பு, மூன்றும் சேர்ந்தால் இடுப்பெலும்பு முறிவு வரைக்கும் போகலாம். பாதத்தைத் துடைத்துவிட்டு, ஒருவர் கையைப் பிடித்துத்தான் எழ வேண்டும். இரண்டாவது, வெடுக்கென்று இழுத்துச் சத்தம் வரவைப்பது. எலும்பு புரையோடி வலுவிழந்தவர்களுக்கும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இது ஆகாது. சர்க்கரையால் கால் மரத்தவர்களுக்குச் சூடான எண்ணெயும் ஒத்தடமும் கொப்புளம் போட்ட பிறகுதான் தெரியும். அப்புறம், 21 நாள் பேக்கேஜ் என்று முன்பணம் கேட்கிற இடம். முதல் மூன்று நாளில் ஒரு மாற்றமும் தெரியாவிட்டால் மீதி காசு திரும்புமா என்று முதலிலேயே கேளுங்கள்.

## ரோலர், மசாஜ் கன்

ரோலர் என்ற உருளையைத் தரையில் போட்டு அதன் மேல் தொடையை உருட்டினால் மூட்டின் அசைவு கொஞ்சம் கூடும், தசையின் பலம் குறையாது. அந்தக் கூடுதல் அசைவு பெரும்பாலும் அரை மணிக்குள் கரைந்துவிடும். விளையாடப் போகுமுன் சூடேற்றிக்கொள்ள நல்லது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் காலையில் ஓடுகிற பிள்ளைகளுக்கு நான் தாராளமாகச் சொல்வேன்.

அறுபது வயது முட்டிக்கு ரோலர் வாங்குமுன் ஒன்றை யோசியுங்கள்: அதை உபயோகிக்கத் தரையில் இறங்க வேண்டும், மறுபடி எழ வேண்டும். அதுதானே அவருக்குப் பிரச்சினை? நாற்காலியில் உட்கார்ந்து பூரிக்கட்டையால் தொடையை உருட்டினால் வேலை முடிந்தது, செலவும் இல்லை.

அதிர்ந்து தட்டும் மசாஜ் கன் விஷயத்தில் எனக்குப் பெரிய உற்சாகம் இல்லை. தசை மேல் வைத்தால் சுகம்தான். சில்லு மேலும், முட்டிக்குப் பின்னாலுள்ள குழியிலும் வைக்கக் கூடாது. அந்தக் குழியில் பெரிய ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. நரம்பு சுருண்டு புடைத்த கால்களிலும் வேண்டாம். வைத்த கையோடு படி இறங்கவும் வேண்டாம். அதிர்வு நிலையுணர்வைக் குழப்பக்கூடியது என்று மேலே பார்த்தோம்.

## நீ கேப்

இதை மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு. நான் பேசமாட்டேன். இறுக்கமான துணி தோலை அமுக்கி மூளைக்குக் கூடுதல் சேதி அனுப்புகிறது. நிலையுணர்வு ஏற்கெனவே மங்கியவர்களுக்குப் பலன் அதிகம், நன்றாக இருப்பவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. கழற்றினால் பலனும் கழன்றுவிடும். திசுவில் ஒரு மாற்றமும் கிடையாது.

நம் கடலோர வேர்வையில் நாள் முழுக்கப் போட்டால் அரிப்பு, வேர்க்குரு, முட்டிக்குப் பின்னால் சிவப்பு. சின்ன அளவு வாங்கி இறுக்கினால் கால் வீங்கும். தூங்கும்போது கண்டிப்பாகக் கழற்ற வேண்டும். சந்தைக்கு, கல்யாணத்துக்கு, திருவந்திபுரத்தில் ஔஷதகிரி படி ஏறுவதற்கு என்று வேலை பார்த்துப் போடுவதே சரி.

## பயிற்சி

ஐந்து அளவுகோலையும் வைத்துப் பார்த்தால் நாலில் இதுதான் முன்னால் நிற்கிறது. வலியை உடனே குறைப்பதில் மட்டும் கை முந்தும்.

நிலையுணர்வு: எழுந்து உட்காருவது, ஒரு படி ஏறி இறங்குவது, சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்பது, அப்புறம் அதையே கண்ணை மூடி, பின்னால் நடப்பது. எல்லாவற்றிலும் தசை தப்பித் திருத்திக் கற்றுக்கொள்கிறது. வாரக்கணக்கில் செய்தால் கோணப் பிழை குறைகிறது. திசு உண்மையிலேயே மாறுவதும் இங்கேதான்: தசை கனக்க ஆறு முதல் எட்டு வாரம், தசைநாண் கெட்டிப்பட மாதங்கள். எடையைக் குறைக்க முடிந்தால் அது தனிக் கணக்கு. உடல் எடையில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டி தாங்கும் பாரம் ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது.

இதையும் பெரிதாக ஊதிச் சொல்ல வேண்டாம். 2024-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடை போடும் காக்ரன் அமைப்பு நூற்றுக்கும் மேற்பட்ட சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பயிற்சியால் வரும் முன்னேற்றம் சராசரியாகச் சிறியது, நோயாளிக்கு அது பெரிதாகத் தெரியுமா என்பதே உறுதியில்லை என்றது. அப்படியிருந்தும் முதலிடம் கொடுக்கிறேன். காரணம், முட்டிக்காகச் செய்வது இதயத்துக்கும் சர்க்கரைக்கும் சேர்ந்து வேலை செய்கிறது, யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

மறைந்த செலவு சலிப்பு. முதல் இரண்டு வாரம் வலி கூடுவதுபோல் இருக்கும், பயமும் வரும். அதற்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: செய்யும்போது வலி பத்துக்கு ஐந்து வரை போகலாம், மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லையா, எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்தாதீர்கள். முட்டி வீங்கினால் இரண்டு நாள் ஓய்வு.

இடத்துக்கு நமக்குக் குறையில்லை. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையில் வண்டி விடுவதில்லை. தொடக்கத்துக்கு அந்தச் சமதளம் அருமை. கடற்கரை மணல் கடைசிப் பாடம். மணலில் நடப்பது நல்லது என்று யாரோ சொன்னதை நம்பி முதல் நாளே மணலில் இறங்குகிறவர்கள் மறுநாள் வீங்கிய முட்டியோடு வருகிறார்கள்.

கரன்ட் வைப்பதைப் பற்றியும் கேட்பீர்கள். ஒலி அலை தரும் அல்ட்ராசவுண்ட், மெல்லிய மின்சாரம் பாய்ச்சும் ஐஎஃப்டி, டென்ஸ் எதையும் முட்டித் தேய்மானத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்றே 2022 பிரிட்டன் வழிகாட்டுதல் சொல்கிறது. மெஷின் மட்டும் வைத்து அனுப்புகிற இடமானால் இடத்தை மாற்றுங்கள்.

## ஒரே பார்வையில்

| | வலி, இறுக்கம் | நிலையுணர்வு | திசு | பலன் நிற்பது | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|---|---|---|
| பிசியோவின் கை | உடனே நன்றாகக் குறையும் | சிலருக்குச் சற்று, உடனடியாக | தற்காலிக இளக்கம் | மணிக்கணக்கு. பயிற்சி சேர்ந்தால் மாதக்கணக்கு | போக்குவரத்து, துணை, பழக்கம் |
| எண்ணெய் மசாஜ் | குறையும், தூக்கம் வரும் | நம்ப வேண்டாம் | தற்காலிக இளக்கம் | செய்யும் வாரங்கள் வரை | வழுக்கி விழுவது, பேக்கேஜ் |
| ரோலர், கன் | கொஞ்சம் | பெரிதாக இல்லை | தற்காலிகம் | அரை மணி அளவில் | தரையில் இறங்கி எழுவது |
| நீ கேப் | கொஞ்சம் | மங்கியவருக்கு நல்ல உதவி | இல்லை | போட்டிருக்கும் வரை | வேர்வை, தோல், தவறான அளவு |
| பயிற்சி | மெதுவாக, ஓரளவு | வாரங்களில் தேறும் | உண்மையில் மாறும் | செய்யும் வரை, விட்டாலும் சில காலம் | சலிப்பு, முதல் இரண்டு வார வலி |

## யாருக்கு எது

வலி பத்துக்கு ஏழு எட்டுக்கு மேல், காலை ஊன்றவே பயம்: பிசியோவின் கையில் தொடங்குங்கள். நாலு வாரம், வாரம் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் கை வைத்த கையோடு அங்கேயே பயிற்சி. கை வைத்துவிட்டு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினால் இலேசான அந்த நேரம் ஆட்டோவிலேயே போய்விடும்.

வலி அதிகமில்லை, ஆனால் படியில் முட்டி நழுவுகிறது: முத்தியால்பேட்டைக்காரர் இவர்தான். பயிற்சி முதலில், வெளியே போகும்போது நீ கேப். மசாஜுக்கு இவர் செலவு செய்வது வீண். அடிக்கடி வீங்கவும் செய்தால் ஜவ்வைப் பார்க்க எலும்பு மருத்துவரிடம் ஒரு தடவை காட்ட வேண்டும்.

நாள் முழுக்க உட்கார்ந்து முட்டி இறுகுகிறது: பண்ருட்டியில் முந்திரி உடைக்கத் தரையில் உட்காருகிறவரானாலும் கணினி முன்னால் உட்காருகிறவரானாலும் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து பத்துத் தடவை முட்டியை மடக்கி நீட்டுவது எந்தக் கருவியையும் விட மேல். பூரிக்கட்டை கூடுதல் சுகம்.

வயதானவர், வெளியே போகவே முடியாது: கடலூர் மாவட்டத்தில் இருந்தால் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சை உண்டு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். இது தமிழ்நாட்டுத் திட்டம். பாகூர், கன்னியக்கோயில் பக்கம் இருப்பவர்கள் கடலூருக்கு எவ்வளவு அருகில் இருந்தாலும் புதுச்சேரி ஆட்கள் என்பதால் அங்குள்ள சுகாதார நிலையத்தில் விசாரிப்பதே சரி. நீவி விடுகிறவரை வைப்பதானால் வையுங்கள். நீவி முடிந்ததும் பாதத்தைத் துடைத்து, அவர் கையாலேயே உங்கள் அம்மாவைப் பத்துத் தடவை எழுப்பி உட்கார வைக்கச் சொல்லுங்கள். நெல்லிக்குப்பத்துக்கு என் பதில் இது.

பலன் தெரிகிறதா என்று பார்க்க வலியை மட்டும் கேட்காதீர்கள், அது நாளுக்கு நாள் மாறும். கைப்பிடி இல்லாத நாற்காலியில், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று தொடங்கும் நாளில் எண்ணிக் காலண்டரில் எழுதுங்கள். கோணச் சோதனையையும் கூடவே எழுதுங்கள். நாலு வாரம் கழித்து இரண்டும் அதே இடத்தில் நின்றால், எந்த வைத்தியமானாலும் அதற்கு மேல் முன்பணம் கட்டாமல் வேறு வழியைப் பாருங்கள்.